கேள்வி கேட்காத ஐந்து நிமிடம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாற்பத்தேழு வயதில், ஆளில்லாத ஒரு சாலையில், ஒருவர் என்னை ஏழு வயதுக் குழந்தையாக நினைத்து நடத்தினார். அதனால் கிடைத்தது.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போயிருந்தேன். என் மனைவி ஓட்டுகிறாள், மகன் ஓட்டுகிறான். நான் மட்டும் பின்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டிருந்தேன். போதும் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். பயிற்சிப் பள்ளியில் எனக்கு வாய்த்த மாஸ்டரைப் பற்றிப் பலர் எச்சரித்திருந்தார்கள். கத்துவார், வாய்க்கு வந்தபடி திட்டுவார், அவர் காலடியில் தனியாக இருக்கும் பிரேக்கை அவர் மிதித்தால் நம் உயிர் ஒரு கணம் நின்று திரும்பும் என்றார்கள். பயந்துகொண்டேதான் ஏறினேன்.

அவர் கத்தவில்லை. "கண்ணாடியைப் பார்த்தீங்க" என்றார். பார்த்தேன்தான். "இண்டிகேட்டர் போட்டீங்க. இப்ப கியரை மெதுவா மாத்துறீங்க, சத்தமே வரலை. அந்த நிதானம் நல்லா இருக்கு சார்." நான் செய்வதையெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தார். கிண்டல் செய்கிறாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். முகத்தில் பரீட்சை எழுதுகிறவரின் தீவிரம் இருந்தது. மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். வீட்டுல என் பொண்ணுகிட்ட இப்படிப் பேசணும்னு சொல்லியிருக்காங்க. இருபது வருஷமா 'பிடி, விடு, மிதி'ன்னே பேசின வாய். வர மாட்டேங்குது. அதான் உங்களை வெச்சுப் பழகிக்கிறேன்."

நான் பழகு பொம்மை. எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல இருக்கை கிடைக்காது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

நாற்காலி பறந்து போய்க் கரும்பலகையில் மோதியபோது, இரண்டாம் வகுப்பு ஆசிரியை தன் கையில்

[நிறுத்திவிட்டேன். நாற்காலி பறக்கவில்லை, சாய்ந்தது. பறந்தது பென்சில் பெட்டி. பறந்த பொருளைக் கொஞ்சம் பெரிதாக்கினால் கதை சூடாகும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. எழுதியதை மாஸ்டரிடம் படித்துக் காட்டியபோது அவர் முகம் சுருங்கியது. "உள்ளதே போதும் சார்" என்றார்.]

இரண்டாவது:

எல்லாருக்கும் அவளுடைய கோபம் மட்டும்தான் தெரிந்தது. அதன் பின்னால் ஒளிந்திருந்த சின்னஞ்சிறு

[சின்னஞ்சிறு என்ன? இதயமா? இதை எழுதியவன் நானேதான். வெட்கமாக இருக்கிறது.]

ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். மாஸ்டருக்கு ஒரே பெண். ஏழு வயது. வீட்டில் கூப்பிடும் பெயர் மிளகு. ஆள் அவ்வளவு சிறிசு, காரம் அவ்வளவு பெரிசு. 'காலுறை போட்டுக்கோ' என்றால் முக்கால் மணி நேரம் போர். வேண்டும் என்று சொன்னதையே கையில் கொடுத்தால் வேண்டாம் என்பாள். விளையாட்டில் தோற்றால் விளையாட்டையே உடைப்பாள். கோபம் வந்தால் அது அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது, என்ன உடைந்தது என்று அவளே ஆச்சரியமாகப் பார்ப்பாள்.

ஒரு பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது பள்ளியில்தான் அந்தப் பென்சில் பெட்டியும், சாய்ந்த நாற்காலியும், ஆசிரியையின் மணிக்கட்டில் ஒரு வரிசைப் பல்தடமும். தலைமையாசிரியை நல்லவர். உடனே துரத்தவில்லை. பன்னிரண்டு வாரம் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் வரட்டும், அதற்குள் சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள் என்றார். பதின்மூன்றாவது வாரம் முழுநாள் வகுப்பு. அந்த ஒரு வாரம் யாருக்கும் அடி படாமல் போனால் அவள் அங்கேயே படிக்கலாம். இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் வேறு இடம் இல்லை. இருந்த ஒன்றிலிருந்துதான் ஏற்கெனவே அனுப்பியிருந்தார்கள்.

3

சிகிச்சை என்றதும் மாத்திரை கொடுப்பார்கள், அல்லது பெண்ணைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவார்கள் என்று மாஸ்டர் நினைத்திருந்தார். போனால், பயிற்சி அவருக்குத்தான்.

ஓர் அறை. தரையில் பாய், மரக்கட்டைகள், படம் வரையும் தாள், மூலையில் ஒரு நாற்காலி. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அதில் தங்கள் முகம் தெரியும். அடுத்த அறையில் இருக்கும் குழந்தை மனநல ஆலோசகருக்கு இவர்கள் தெரிவார்கள். மாஸ்டரின் காதில் ஒரு சின்ன இயர்போனைச் செருகிவிட்டார்கள். அவர் மகளோடு விளையாட, அந்த மேடம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர் காதில் மட்டும் பேசுவார்.

விதி கேட்க எளிது. ஐந்து நிமிடம் விளையாட்டை அவள் நடத்துவாள். அவர் கட்டளை இடக்கூடாது, குறை சொல்லக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது. அவள் செய்வதைச் சொல்லலாம். அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லலாம். பாராட்டலாம், ஆனால் எதைப் பாராட்டுகிறோம் என்று சொல்லிப் பாராட்ட வேண்டும்.*

* நீங்களும் முயன்று பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளையிடம் கேள்வியே கேட்காமல் ஐந்து நிமிடம். நான் என் மகனிடம் முயன்றேன். அவனுக்கு இருபத்திரண்டு வயது. நாற்பது விநாடி தாங்கினேன்.

முதல் நாள் மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மிளகு ஒரு கட்டையை எடுத்தாலே அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. "எதுவும் தோணலைன்னா நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க" என்றது காதில் குரல். இவர் சொன்ன சொல் தட்டாத ஆள்.

"நீ சிவப்புக் கட்டையை மேல வைக்கிறே" என்றது குரல்.

"நீ சிவப்புக் கட்டையை மேல வைக்கிறே" என்றார் மாஸ்டர்.

"நல்லாப் பண்றீங்க சார்" என்றது குரல்.

"நல்லாப் பண்றீங்க சார்" என்றார் மாஸ்டர், மகளைப் பார்த்து.

மிளகு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயோ, அது உங்களுக்குச் சொன்னது."

"ஐயோ, அது உங்களுக்குச் சொன்னது" என்றார் மாஸ்டர். நெற்றியில் வியர்வை.

"நான் சார் இல்லை!" என்று கத்திவிட்டு மிளகு பாயில் உருண்டு உருண்டு சிரித்தாள். அவருக்கு முதலில் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னாலும் யாரோ சிரிப்பது அவர் காதில் கேட்டது. அப்பாவும் பெண்ணும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. அன்று முதல் அந்த ஐந்து நிமிட விளையாட்டுக்கு மிளகு வைத்த பெயர் 'சார் விளையாட்டு'.

4

இந்த மேடம் எனக்குத் தொல்லையாக இருக்கிறார். கதைக்குள் வந்ததிலிருந்து ஒரு தப்பும் செய்ய மாட்டேன் என்கிறார். இப்படிப்பட்ட பாத்திரத்தை வாசகர் நம்ப மாட்டார். ஏதாவது குறை சொல்லுங்கள் என்று மாஸ்டரைக் கெஞ்சினேன்.

"குறையா?" என்று யோசித்தார். "பிஸ்கட் சாப்பிடுவாங்க சார். பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம் காதுக்குள்ள இடி மாதிரி கேக்கும்."

வேறு?

"ஒரு தடவை தப்பாச் சொல்லிட்டாங்க. புள்ள பேப்பரைக் கிழிச்சா கண்டுக்காதீங்கன்னாங்க. கண்டுக்கலை. அது அவ எனக்காக வரைஞ்ச படம், சரியா வரலைன்னு அழுதுகிட்டே கிழிச்சிருக்கா. அடுத்த வாரம் ரூமுக்குள்ளயே வந்து, 'அது என் தப்பு, நான் சரியாப் பார்க்கலை'ன்னு என் பொண்ணுகிட்டயே சொன்னாங்க. ஒரு பெரிய மனுஷி, ஏழு வயசுப் புள்ளைகிட்ட. நான் ஆடிப் போயிட்டேன்."

குறை கேட்டேன். கிடைத்தது இது. விட்டுவிடுகிறேன், அவர் நல்லவராகவே இருக்கட்டும்.

5

வீட்டில் தினமும் ஐந்து நிமிடம். சாயங்காலம் மாஸ்டர் வந்து முகம் கழுவியதும் சார் விளையாட்டு. அவர் மனைவிக்கும் ஒரு முறை உண்டு. அவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார். "ஊசி குத்தும்போது அழுற பிள்ளைங்க எத்தனை பேரைச் சமாதானப்படுத்தியிருப்பேன்! என் பிள்ளைகிட்ட மட்டும் அந்தப் பொறுமை எங்கே போச்சுன்னு தெரியலை" என்று அவர் மேடத்திடம் சொன்னாராம்.

மிளகுக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். கோபம் வரும்போது உடம்பில் எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வாரம் ஒற்று வேலை பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "காதுல. சூடாகும். அப்புறம்தான் கை வரும்." காது சூடானதும், கை வருவதற்கு முன்னால், பெரியவர் ஒருவரிடம் போய் 'காது சூடாகுது' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நான் இந்த வயதில் என் கோபம் எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

படிப்படியாக எல்லாம் சரியானது என்று எழுதத்தான் கை

[இல்லை. ஐந்தாவது வாரம் எல்லாம் கெட்டுப் போனது.]

ஐந்தாவது வாரம் மிளகு, மாஸ்டரிடம் பயிலும் ஆட்களின் பெயரும் நேரமும் எழுதிய நோட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டாள். மாஸ்டர் பழைய மாஸ்டர் ஆனார். தெருவே கேட்கக் கத்தினார். மறுநாள் மேடத்திடம், "என்னால முடியாது, தோத்துட்டேன்" என்றார்.

"கத்தினதுக்கு அப்புறம் என்ன பண்ணீங்க?"

"பத்து நிமிஷம் கழிச்சுப் போய், கத்தினது தப்புன்னு சொன்னேன்."

"முன்னாடி கத்தினா என்ன பண்ணுவீங்க?"

"ரெண்டு நாள் அவகூடப் பேச மாட்டேன்."

"அந்த ரெண்டு நாள் இப்ப பத்து நிமிஷமா குறைஞ்சிருக்கு. இதைத் தோல்வின்னு என் நோட்டுல எழுத முடியாது சார்."

அன்று சாயங்காலமும் முகம் கழுவிவிட்டு அவர் பாயில் போய் உட்கார்ந்தார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப் போனது இந்த இடத்தில்தான். ஜெயித்த பிறகு தொடர்வதற்குப் பெரிய மனசு வேண்டியதில்லை. நோட்டு நனைந்து, குரல் கம்மி, அக்கம்பக்கம் ஜன்னல் வழியாகப் பார்த்த மறுநாள், 'நீ பச்சைக் கட்டையை எடுக்கிறே' என்று சொல்லத்தான் அது வேண்டும்.

6

ஒன்பதாவது வாரம். இந்தப் பகுதியை ஆறு முறை எழுதிவிட்டேன்.

அன்றைய பாடம் கட்டளை. விளையாடி முடித்ததும் ஒரே ஒரு கட்டளை: கட்டைகளைப் பெட்டியில் போடு. 'போடறியா?' என்று கேட்கக்கூடாது. அமைதியாகச் சொல்லிவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ண வேண்டும். செய்யாவிட்டால் ஒரே ஓர் எச்சரிக்கை. அதற்கும் மசியாவிட்டால் மூலை நாற்காலியில் மூன்று நிமிடம். அங்கே அவள் என்ன கத்தினாலும் பதில் பேசக்கூடாது. முடிந்ததும் மறுபடி அதே கட்டளை, அதே குரலில்.

"கட்டைங்களைப் பெட்டியில போடு" என்றார் மாஸ்டர்.

ஒரு கட்டை வந்து அவர் புருவத்தில் பட்டது. ரத்தம் கசிந்தது. மிளகு இன்னொன்றைக் கையில் எடுத்தாள். முகம் சிவந்து, உதடு நடுங்கி, அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"சார், நிறுத்திடலாமா?" என்றது காதில் குரல்.

அவர் கண்ணாடியைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினார். கைக்குட்டையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு எச்சரிக்கையைச் சொன்னார். ஐந்து எண்ணினார். நாற்காலிக்கு அழைத்துப் போனார். அவள் வழியெல்லாம் உதைத்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்து அவள் கத்தினாள்: "உன்னை எனக்குப் பிடிக்கலை!" அவர் பேசவில்லை. "நீ அப்பாவே இல்லை!" பேசவில்லை. பிறகு குரல் உடைந்து, "நீயும் என்னை வெளியே அனுப்பிடுவே! எல்லாரும் அனுப்பின மாதிரி!" என்றாள்.

மாஸ்டரின் வாய் திறந்தது.

"சார்," என்றது குரல், மிக மெதுவாக. "எனக்கும் கேட்டுச்சு. இப்ப பதில் சொன்னா, கத்தினாத்தான் அப்பா வருவார்னு ஆயிடும். இன்னும் ஒரு நிமிஷம். நானும் உங்ககூட எண்ணுறேன். அறுபது. ஐம்பத்தொன்பது."

[மூன்றாவது பிரதியில் இங்கே அவரை ஓடிப் போய் மகளைக் கட்டிக்கொள்ள வைத்தேன். படிப்பவர் கண் கலங்கும். ஆனால் அவர் ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அறுபதையும் எண்ணினார். இதைவிடக் கஷ்டமான ஒரு நிமிடத்தை நான் எழுதியதில்லை, அனுபவித்ததும் இல்லை.]

கத்தல் அடங்கியது. அவர் போய் அதே குரலில், "கட்டைங்களைப் பெட்டியில போடு" என்றார்.

மிளகு எழுந்து வந்தாள். ஒரு கட்டை. இன்னொன்று. பதினேழு கட்டைகள். கடைசிக் கட்டை விழுந்ததும் அவர் அவள் முன்னால் மண்டியிட்டார். "நான் சொன்னதும் எல்லாத்தையும் போட்டுட்டே. அவ்வளவு கோபத்துலயும் போட்டுட்டே. எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு. இப்ப நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன். உன்னை எங்கேயும் அனுப்ப மாட்டேன். யார் அனுப்பினாலும் நீ வர்ற இடத்துல நான் இருப்பேன்."

அவள் அவர் புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

இதை வண்டியில் வைத்துப் படித்துக் காட்டியபோது மாஸ்டருக்கு ஓர் ஆட்சேபம்தான். "நான் அழுததா எழுதலையே, நல்லது. மேடம்தான் அழுதாங்க. அதையும் எழுதிடாதீங்க."

7

முடிவுக்கு வருவோம். ஒன்றை எழுதி வைத்திருந்தேன்.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. மிளகு சமர்த்துப் பெண்ணாகப் பள்ளிக்குப் போனாள். எல்லாரும் கைதட்ட

"இதை மட்டும் வெச்சுடாதீங்க சார்," என்று மாஸ்டர் தடுத்தார். "இதைப் படிச்சுட்டு ஒரு அப்பன் பன்னிரண்டு வாரம் முயற்சி பண்ணுவான். பதின்மூணாவது வாரம் புள்ள எதையாவது உடைக்கும். எல்லாம் பொய்யின்னு விட்டுடுவான். குறைஞ்சிருக்குன்னு எழுதுங்க. முன்னாடி தினம் நாலு சண்டை. இப்ப வாரத்துக்கு ரெண்டு. அரை மணி நேரம் கத்துவா, இப்ப ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷம் இருக்கத்தான் செய்யுது."

எதிர்மாறாக, பள்ளி கைவிட்டது என்று ஒரு சோக முடிவும் கைவசம் இருந்தது. அதை அவரிடம் படித்துக் காட்ட எனக்குத் துணிவு வரவில்லை. அந்த வாரம்தான் பதின்மூன்றாவது வாரமாக இருந்தது.

8

திங்கள், செவ்வாய், புதன், வியாழன் கடந்துவிட்டன. வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபது. ஸ்டியரிங்கில் நான். மாஸ்டரின் போன் அடித்தது. திரையில் பள்ளியின் எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"ஓரமா நிறுத்துறீங்க" என்றார். நான் இன்னும் நிறுத்தவே ஆரம்பிக்கவில்லை. நிறுத்தினேன்.

"சொல்லுங்க மேடம்... ம்... ம்... சரிங்க. அவகிட்டக் குடுங்க."

தலைமையாசிரியை சொன்னது என் காதில் விழவில்லை. இவர் சொன்னது மட்டும்தான் விழுந்தது.

"அப்பாதான்."

இடைவெளி.

"அழுதுகிட்டிருக்கே."

நீண்ட இடைவெளி.

"பேச முடியலை. சரி. பேச வேண்டாம். நான் போனை வைக்கலை."

போனைக் காதில் வைத்தபடி அவர் பேசாமல் இருந்தார். ஒரு முறைகூட 'என்ன பண்ணினே?' என்று கேட்கவில்லை. கேள்வி கேட்டே பிழைப்பு நடத்துகிற நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம்.

பிறகு, "வர்றேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். "வண்டியை எடுங்க சார். பள்ளிக்கூடம். பெரிய ரோட்டுல போகணும்."

"நானா? பெரிய ரோட்டுலயா?"

"எனக்குக் கை நிலையா இல்லை. நீங்கதான் இருக்கீங்க."

ஓட்டினேன். எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். பள்ளி வாசலில் அவர் இறங்கி, சட்டையைச் சரி செய்துகொண்டு உள்ளே போனார். என்னை அவர் கூப்பிடவில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போகக் கதை எழுதுகிறவனுக்கு உரிமை உண்டு என்று இதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அன்று நான் வண்டியிலேயே இருந்தேன்.

உள்ளே என்ன நடந்திருக்கும்? யாருக்கோ அடி பட்டிருக்கலாம். அவளே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருக்கலாம். காது சூடாகி, கை வருவதற்கு முன்னால், அவளே தலைமையாசிரியையிடம் நடந்து போய், அப்பாவுக்குப் போன் போடுங்கள் என்று கேட்டிருக்கலாம். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அந்தப் போன் பேச்சு ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே பொருந்துகிறது. மூன்று மாதத்துக்கு முன் இருந்த மாஸ்டரை உட்கார வைத்தால் ஒன்றிலும் பொருந்தவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். எது நடந்தது என்று பிறகு அவர் சொன்னார். அது அவர் பெண்ணின் விஷயம், நான் எழுதப்போவதில்லை.

உங்களுக்கு மனசு கேட்காது என்று தெரியும். போங்கள், கதவு திறந்துதான் இருக்கிறது. இடதுபக்கம் இரண்டாவது அறை. ஒரு சின்னப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்ன ஆச்சு என்று வாய் வரைக்கும் வரும். அதை அங்கேயே நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் அவளோடு இருங்கள். அவள் சொல்வதுதான் முடிவு.